சூப்பர் டுவார்ஃப் ரெட்டிக் மலைப்பாம்பு: வாங்குவது முதல் குட்டி பொரிப்பது வரை

உலகின் மிக நீளமான பாம்பு ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு. வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'ரெட்டிக்' என்பார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் இருந்த மெடூசா என்ற பெண் ரெட்டிக், 2011இல் அளந்தபோது 7.67 மீட்டர் இருந்தது. அது சாதனைக் கணக்கு. சாதாரணமாக ஒரு பெருநில (அதாவது சிறு தீவுகளைச் சேராத) பெண் ரெட்டிக் நாலரை முதல் ஆறு மீட்டர் வரை வளரும். தூக்க மூன்று பேர் வேண்டும், ஓர் அறையையே ஒதுக்க வேண்டும், தீனிக்கு முயல் வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆனால் அதே பாம்பின் தோல் வேலைப்பாடு, சுறுசுறுப்பு, ஆளைக் கவனித்துப் பார்க்கும் குணம் எல்லாம் இரண்டு மீட்டர் உடம்புக்குள்ளும் கிடைக்கும். இந்தோனேசியாவின் சில சின்னஞ்சிறு தீவுகளில் அப்படிப்பட்ட ரெட்டிக்குகள் உண்டு. அவற்றை 'டுவார்ஃப்' (குள்ளன்) என்றும், அவற்றிலும் சிறியவற்றை 'சூப்பர் டுவார்ஃப்' என்றும் சொல்வார்கள். இந்த வழிகாட்டி அவற்றைப் பற்றியது.

முதலில் சட்டம்

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரே வரி: வேண்டாம். ரெட்டிக் நிக்கோபார் தீவுகளில் இயற்கையாக வாழும் இனம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் மலைப்பாம்புக் குட்டிகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. அந்தக் குட்டிகள் வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு, பாதி வழியில் செத்துப்போவதும் உண்டு. சிங்கப்பூரிலும் பாம்பைச் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, சாக்கடையிலும் கால்வாயிலும் காட்டு ரெட்டிக் சாதாரணமாகத் தென்படும் ஊர் அது என்றாலும்.

பிரிட்டனில் மலைப்பாம்புகள் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தின் பட்டியலில் இல்லை, ஆகவே வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஆனால் குட்டிகளைத் தொழிலாக விற்றால் இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உள்ளாட்சியிடம் உரிமம் எடுக்க வேண்டும். ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். அமெரிக்காவில் 2015இல் ரெட்டிக்கைத் தீங்கு விளைவிக்கும் உயிரினப் பட்டியலில் சேர்த்து இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதையும் தடுத்திருந்தார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெருநில மாநிலங்களுக்கு இடையே அந்தத் தடை செல்லாது என்றது. அதற்குமேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. புளோரிடாவில் 2021 முதல் வணிகத்துக்கான வளர்ப்பும் செல்லப்பிராணியாக வாங்குவதும் தடை.

புளோரிடாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. வளர்ப்பு வணிகம் வழியாக அங்கே வந்து, தப்பியும் விடப்பட்டும் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின் பாலூட்டிகளில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்துவிட்டன. அவற்றைப் பிடிக்க 2017இல் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்துப்போனார்கள். இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வளர்க்க முடியாமல் போனால் காட்டில் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை முழுதாகப் படித்துவிட்டு வருவது நல்லது.

எந்தத் தீவு, எவ்வளவு நீளம்

சுலாவெசிக்குத் தெற்கே புளோரஸ் கடலில் செலாயர் தீவுக்கூட்டம் இருக்கிறது. செலாயர் பெரிய தீவு. அதற்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் தானாஜம்பியா, கலாவோத்தோவா, மாடு, கரொம்பா முதலிய சிறிய தீவுகள். மார்க் அவுலியாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002இல் இரண்டு துணையினங்களை விவரித்தார்கள்: தானாஜம்பியாப் பாம்புக்கு ஜம்பியானஸ் என்றும், செலாயர் மற்றும் தென்மேற்குச் சுலாவெசிப் பாம்புக்கு சபுத்ராய் என்றும் பெயர். கலாவோத்தோவா, மாடு, கரொம்பாப் பாம்புகளுக்குத் தனித் துணையினப் பெயர் இல்லை. சந்தையில் தீவுப் பெயர்களாலேயே அழைக்கிறார்கள். கலாவோத்தோவா அங்கே 'கலட்டோவா' ஆகிவிட்டது.

சந்தைக் கணக்கில் ஜம்பியா, செலாயர் இரண்டும் 'டுவார்ஃப்'. கலட்டோவா, மாடு, கரொம்பா மூன்றும் 'சூப்பர் டுவார்ஃப்'. ஜம்பியா ஆண் இரண்டு மீட்டரையொட்டி நிற்கும், பெண் இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கும் சற்று மேல் போகலாம். கலட்டோவா ஆண் பல சமயம் ஒன்றரை மீட்டரைத் தாண்டிக் கொஞ்சம்தான் வளரும், பெண் இரண்டு முதல் இரண்டரை. மூன்று மீட்டர்ப் பாம்புக்கு 'டுவார்ஃப்' என்று பெயர் வைத்திருப்பதை மறந்துவிட வேண்டாம். அது குள்ளன் என்பது அதன் அண்ணன்மாருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும்போது மட்டும்தான்.

சிறு தீவில் இரை சிறியது: பறவை, பல்லி, எலி. பெரிய உடம்புக்குத் தீனி போட அந்த நிலத்தால் முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சிறிய உடம்புக்காரர்களே பிழைத்திருக்கிறார்கள். பட்டினியால் மட்டும் சிறுத்தவை அல்ல இவை. வளர்ப்பில் பிறந்து நன்றாகத் தின்ற கலட்டோவாக் குட்டிகளும் சிறியதாகவே நிற்கின்றன. ஆனால் தீனியின் பங்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. திணித்துத் திணித்து வளர்த்தால் இந்த வகையிலும் எதிர்பார்த்ததைவிட நீளமான, அதைவிட முக்கியமாகக் கொழுத்த பாம்பு கிடைக்கும்.

சதவீதக் கணக்கை எப்படிப் படிப்பது

விற்பனை விளம்பரத்தில் '62.5% சூப்பர் டுவார்ஃப்' என்று போட்டிருப்பார்கள். வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவிடுவோம்.

தூய தீவுப் பாம்புகள் அடர்ந்த மண் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் இருக்கும். சந்தை கேட்பதோ அல்பினோ, டைகர், பிளாட்டினம். இந்த நிற வகைகள் பெரும்பாலும் பெருநிலப் பாம்புகளில் தோன்றியவை. ஆகவே பெருநில அல்பினோவைத் தூய கலட்டோவாவோடு சேர்த்து, வந்த குட்டியை மறுபடி கலட்டோவாவோடு சேர்த்து, நிறத்தையும் சிறிய உடம்பையும் ஒன்றாகக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். தூயது பெருநிலத்தோடு சேர்ந்தால் 50. அந்த 50 தூயதோடு சேர்ந்தால் 75. அந்த 75 தூயதோடு சேர்ந்தால் 87.5.

முதல் தலைமுறையின் 50 உண்மையான 50. ஒவ்வொரு குட்டிக்கும் தீவிலிருந்து ஒரு தொகுதி, பெருநிலத்திலிருந்து ஒரு தொகுதி என்று குரோமோசோம்கள் சரிபாதியாக வருகின்றன. அடுத்த தலைமுறையில் அந்த 50 பாம்பு தன் குட்டிக்குக் கொடுக்கும் பாதியில் தீவுப் பங்கு எவ்வளவு, பெருநிலப் பங்கு எவ்வளவு என்பது குலுக்கல். 75 என்று எழுதப்பட்ட பதினைந்து உடன்பிறப்புகளில் ஒன்றுக்கு 85ம் இன்னொன்றுக்கு 65ம் இருக்கலாம். காகிதத்தில் எல்லாம் 75. உடல் நீளம் ஒரே மரபணுவின் வேலையும் அல்ல. அதனால் 37.5, 62.5 என்று தசமப் புள்ளி வரை எழுதுவது வம்சாவளிக் கணக்கு. பாம்பின் நீளத்துக்கு உத்தரவாதம் அல்ல.

எனவே விற்பவரிடம் கேட்க வேண்டியது சதவீதத்தை அல்ல. தாய் தந்தை இரண்டின் வயது, நீளம், எடை, எத்தனை நாளுக்கு ஒருமுறை தீனி என்பதைக் கேளுங்கள். பாட்டி பாம்பு உயிரோடு இருந்தால் அதன் நீளத்தையும் கேளுங்கள். மூன்று வயதுத் தாயின் நீளத்தைச் சொல்லி முடித்துக்கொண்டால் நம்ப வேண்டாம். பெண் ரெட்டிக் அதற்குப் பிறகும் வளரும். '25% சூப்பர் டுவார்ஃப்' என்று விற்கப்படுவதை என் பார்வையில் பெருநிலப் பாம்பாகவே நினைத்துக் கூண்டு கட்ட வேண்டும். அமெரிக்காவில் 2015க்குப் பிறகு புதுத் தீவுப் பாம்பு சட்டப்படி வர வழியில்லை, அங்குள்ள தூய வம்சங்கள் எல்லாம் அதற்கு முன் வந்தவற்றின் வழி. 'புதிதாக வந்த கலட்டோவா' என்று யாராவது அங்கே விற்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் பாம்புக்கு என் பரிந்துரை: வளர்ப்பில் பிறந்த, குறைந்தது 75 என்று எழுதப்பட்ட ஆண் குட்டி. ஆண் சிறியது, நிதானமாக வளரும், முட்டை விவகாரம் இல்லை.

வீட்டுக்கு வரும் முன்: தனிமைக் காலம்

வீட்டில் ஏற்கெனவே பாம்பு இருந்தால் புதியதைத் தனி அறையில் 90 நாள் வைக்க வேண்டும். பாம்பைத் தூக்கத் தனிக் கொக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணம், பழைய பாம்புகளைக் கவனித்து முடித்த பிறகே புதியதிடம் போவது. தரையில் வெள்ளைக் காகிதம் விரித்தால் எச்சமும் உண்ணியும் தெளிவாகத் தெரியும். பாம்பு உண்ணி கடுகைவிடச் சிறியது, கருப்பு. தாடைக்கு அடியிலும் கண்ணைச் சுற்றியும் ஒளிந்திருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் பாம்பு எந்நேரமும் ஊறிக் கிடந்தால் முதல் சந்தேகம் உண்ணி மேல் இருக்கட்டும்.

இந்தக் காலத்திலேயே ஊர்வன மருத்துவரிடம் எச்சத்தைச் சோதித்துக் குடற்புழு பார்த்துவிட வேண்டும். வாயில் பஞ்சுக்குச்சி தேய்த்து எடுத்து செர்ப்பெண்டோவைரஸ் சோதனைக்கும் அனுப்பலாம். நிடோவைரஸ் என்றும் சொல்வார்கள். மலைப்பாம்புகளுக்கு மூச்சுத் தொற்றைக் கொண்டுவருவது, பார்க்க நலமாக இருக்கும் பாம்பும் சுமக்கக்கூடியது. பின்னால் இனப்பெருக்கம் செய்யும் எண்ணம் இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்ப்பது சிக்கனம் ஆகாது.

கூண்டு

குட்டிக்கு முதல் ஆண்டில் 60 சென்டிமீட்டர் நீளப் பெட்டி போதும். வளர்ந்த சூப்பர் டுவார்ஃப் ஆணுக்கு 120 × 60 × 60 சென்டிமீட்டர். பெண்ணுக்கு 180 × 60 × 60. ஜம்பியாப் பெண்ணுக்கு 240 நீளமும் 75 அல்லது 90 ஆழமும் வேண்டியிருக்கும். இவை குறைந்த அளவுகள். ரெட்டிக் பந்து மலைப்பாம்பு மாதிரி மூலையில் சுருண்டு கிடக்கும் ஜாதி அல்ல. இரவில் கூண்டு முழுக்கச் சுற்றும், ஏறும், மூடியின் விளிம்பை மூக்கால் தள்ளிப் பார்க்கும். இடம் போதாமலோ மறைவிடம் இல்லாமலோ இருந்தால் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். கூண்டின் நடு உயரத்தில் ஒரு பலகைத் தட்டு போட்டால் அதிலேயே பாதி வாழ்நாளைக் கழிக்கும்.

சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. இனப்பெருக்கத்துக்காகக் குளிரவைக்கும் காலம் தவிர, இரவில் 24க்குக் கீழே இறங்க விடாதீர்கள். மேலே பொருத்தும் ரேடியன்ட் ஹீட் பேனல் (சூட்டைக் கீழே வீசும் தட்டைப் பலகை) பெரிய கூண்டுக்கு வசதி. பல்பு போட்டால் அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு கட்டாயம், ரெட்டிக் பல்பைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். எதைப் போட்டாலும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடக்கூடாது. தெர்மோஸ்டாட்டின் உணரியைப் பாம்பு இழுத்துப்போடாதபடி இறுக்கிக் கட்டவும். அது தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தால் கருவி கூண்டு குளிர்ந்துவிட்டதாக நினைத்துச் சூட்டைக் கூட்டிக்கொண்டே போகும்.

ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம். சட்டை உரிக்கும் காலத்தில், கண் பால் போர்த்த மாதிரி நீலம் பூத்ததும் சற்றுக் கூட்டலாம். தரைக்குத் தேங்காய்மட்டைச் சில்லு நன்றாக வேலை செய்கிறது, ஈரத்தைப் பிடித்து மெல்ல விடும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூச்சுத் தொற்று வரும். வாய்திறந்து மூச்சு, மூக்கில் குமிழ், விசில் சத்தம் தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும், வீட்டு வைத்தியம் கிடையாது. பாம்பு முழு உடம்பும் அமரக்கூடிய கனமான தண்ணீர்க் கிண்ணம் ஒன்று, சூடான பக்கத்திலும் குளிர்ந்த பக்கத்திலும் ஒவ்வொரு மறைவிடம், வெளியே ஒரு பூட்டு. பூட்டு விருப்பம் அல்ல. வழுக்கும் கண்ணாடிக் கதவை மூக்கால் நகர்த்தக் கற்றுக்கொள்ளாத ரெட்டிக்கை நான் பார்த்ததில்லை.

தீனி

குட்டிக்கு வாரம் ஒருமுறை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. முடி முளைத்த எலிக்குஞ்சில் தொடங்கும். ஒரு வயதுக்கு மேல் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை. வளர்ந்த ஆணுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு நடுத்தர எலி போதும். பெண்ணுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வளர வளர இரையின் எடை விகிதத்தையும் ஐந்து ஏழு சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். ரெட்டிக் எப்போது பார்த்தாலும் பசி என்றே சொல்லும். அதை நம்பி அட்டவணையை மாற்றினால் ஈரல் கொழுத்துப் பாம்பு சீக்கிரம் சாகும். நலமான ரெட்டிக்கின் உடம்பு குறுக்குவெட்டில் இலேசான முக்கோணமாக, முதுகுத்தண்டு மெல்லத் தெரியும்படி இருக்கும். நேராக இருக்கும்போதே செதில்களுக்கு இடையில் தோல் தெரிவதும், வால் பக்கம் மடிப்பு விழுவதும் கொழுப்பு.

உறைந்த எலியை முந்தின நாள் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, கடைசியில் வெந்நீரில் சூடேற்றி நீளமான இடுக்கியில் நீட்டவும். உயிருள்ள எலி வேண்டாம். எலி கடித்துக் கண் இழந்த பாம்புகள் உண்டு. இரையெடுத்த பாம்பை இரண்டு நாள் தொடக்கூடாது.

கையாளுதல்

ரெட்டிக்குக்குக் கதவு திறந்தால் தீனி என்ற எண்ணம் சட்டென்று படிந்துவிடும். அதை உடைக்கத்தான் கொக்கிப் பழக்கம். தீனி இல்லாத நாளில் கதவைத் திறந்ததும் கொக்கியால் உடம்பின் நடுப்பகுதியை மெல்லத் தொட்டு, தலையைக் கொஞ்சம் தள்ளி விடுங்கள். சில வாரத்தில் கொக்கி பட்டால் இன்று இரை இல்லை என்று புரிந்துகொண்டு உடம்பைத் தளர்த்தும். தீனி நாளில் கொக்கியைத் தொடவே கூடாது. இந்த ஒழுங்கு வீட்டில் பாம்பைத் தொடும் எல்லோருக்கும் பொருந்தும். எலியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கூண்டுக்குள் விடுவதுதான் பெரும்பாலான கடிகளின் கதை.

கடித்தால் இழுக்காதீர்கள். பின்னோக்கி வளைந்த பல் நூறுக்குப் பக்கம் இருக்கும், இழுத்தால் தசை கிழியும், பாம்பின் பல்லும் உடைந்து உங்கள் கையிலேயே தங்கும். குளிர்ந்த தண்ணீரை அதன் தலையில் ஊற்றலாம். பிடி விடாவிட்டால் வாயோரத்தில் கொஞ்சம் ஆல்கஹால். உடம்பு சுற்றியிருந்தால் வால் நுனியிலிருந்து அவிழ்க்கவும். இரண்டரை மீட்டரைத் தாண்டிய எந்தப் பாம்பையும் தனியாக வெளியே எடுக்கக்கூடாது, கழுத்தில் போட்டுப் படம் எடுக்கவும் கூடாது. சிறு குழந்தையோ பூனையோ இருக்கும் அறையில் இரண்டு மீட்டர்ப் பாம்பும் பெரிய பாம்புதான்.

இனப்பெருக்கம்: ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி

குட்டிகள் விற்காவிட்டால் பன்னிரண்டு பெட்டி, பன்னிரண்டு தீனி, பன்னிரண்டு தண்ணீர்க் கிண்ணம் என்று ஒரு வருடம் ஓட்ட முடியுமா? முடியாது என்றால் இந்தப் பகுதியைத் தெரிந்துகொள்ள மட்டும் படியுங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மீட்பு இல்லங்கள் பெரிய பாம்புகளால் நிரம்பிக் கிடக்கின்றன.

ஜோடி சேர்ப்பதில் ஒரு நோக்கம் இருக்க வேண்டும். தூயதைத் தூயதோடு, அதுவும் ஒரே தீவு வம்சத்தோடு சேர்ப்பது என் விருப்பம். கலட்டோவாவையும் மாடுவையும் கலந்து 'நூறு சதவீத சூப்பர் டுவார்ஃப்' என்று விற்பது கணக்குப்படி சரி, ஆனால் அதற்குப் பிறகு அந்த வம்சம் எந்தத் தீவும் அல்ல. நிறத்துக்காகச் சேர்ப்பவர்கள் மரபு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அல்பினோ ஒடுங்கு மரபு: தாய் தந்தை இரண்டு பக்கமும் சுமந்தால்தான் குட்டியில் வெளிப்படும். டைகர் அப்படி அல்ல, ஒரு பக்கம் இருந்தாலே தெரியும். இரண்டு பக்கமும் வந்தால் வரிகள் நீண்டு சூப்பர் டைகர்.

ஆண் இரண்டு மூன்று வயதில் தயாராகிவிடும். பெண்ணுக்கு நான்கு வயதாவது ஆகட்டும். ஐந்து இன்னும் நல்லது. சீக்கிரம் முட்டை வாங்கத் திணித்து வளர்ப்பவர்கள்தான் சூப்பர் டுவார்ஃப் பெரிதாகிவிட்டது என்று குறை சொல்பவர்களும். பெண் நல்ல தசையோடு, கொழுக்காமல், கடைசிச் சில மாதம் ஒழுங்காக இரையெடுத்து இருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கக் குதத்தின் வழியாக மெல்லிய கம்பி விட்டுப் பார்க்கும் முறையை அனுபவசாலியிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். காணொளி பார்த்துச் செய்தால் பாம்பு காயப்படும்.

வடக்கு நாடுகளில் அக்டோபர் கடைசியில் தொடங்குவது வழக்கம். இரவு வெப்பத்தை 23, 24 டிகிரிக்கு மெல்ல இறக்கி, பகல் சூட்டை அப்படியே விட்டு, விளக்கு நேரத்தைப் பத்து மணி நேரமாகக் குறைக்கவும். மூச்சுத் தொற்றின் சாயல் இருக்கும் பாம்பைக் குளிரவைக்கக் கூடாது. மூன்று நான்கு வாரம் கழித்து ஆணைப் பெண்ணின் கூண்டில் விடலாம். இரண்டு நாள் சேர்த்து, சில நாள் பிரித்து, மறுபடி சேர்த்து, மார்ச் வரை இப்படியே. ஆண் தன் இடுப்பு முள்ளால் பெண்ணைச் சுரண்டுவதையும் வால்கள் பின்னிக்கொள்வதையும் பார்க்கலாம். பிணைதல் பல மணி நேரம் நீளும். இரண்டு ஆண்களை ஒன்றாக விடவே கூடாது. ஆண் ரெட்டிக்குகள் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும், சில நிமிடம் போதும். சேர்ந்திருக்கும்போது தீனியும் கிடையாது.

பெண் சூட்டைத் தேடிப் போவதும், தீனியை மறுப்பதும், பின்னுடம்பு பருப்பதும் கருமுட்டைகள் வளர்வதைக் காட்டும். பிறகு ஒரு நாள் உடம்பின் நடுவில் பெரிய இரை விழுங்கியது போல் வீக்கம் தோன்றிச் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதுதான் கருமுட்டை வெளிப்படும் நேரம். ஆணை அதோடு எடுத்துவிடலாம். இரண்டு மூன்று வாரத்தில் பெண் சட்டை உரிக்கும். அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வைக்கவும். அதிலிருந்து ஐந்து ஆறு வாரத்தில் முட்டை. உடம்பு முழுக்க உள்ளே அடங்கும் ஒரு பெட்டியில் ஈரப்பாசி போட்டுச் சூடான பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் அதிலேயே இடும்.

ஆணே இல்லாமல் முட்டை வந்தாலும் உடனே தூக்கிப்போட வேண்டாம். கென்டக்கியில் லூயிவில் விலங்குக்காட்சிச்சாலையில் தெல்மா என்ற ரெட்டிக் ஆண் துணை இல்லாமலே 61 முட்டை இட்டு, 2012இல் ஆறு பெண் குட்டிகள் பொரிந்தன. 2014இல் மரபணுச் சோதனை அதை உறுதிசெய்தது. அபூர்வம்தான், ஆனால் நடப்பது.

முட்டையும் அடைகாப்பும்

பெருநிலப் பெண் அறுபது எழுபது முட்டை வரைகூட இடலாம். சூப்பர் டுவார்ஃப் பெண் பெரும்பாலும் பத்து, பதினைந்தோடு நிற்கும். தாய் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு உட்காரும், எவ்வளவு சாதுவான பாம்பும் அந்த நேரத்தில் கடிக்கும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையின்மேல் தடித்த துண்டைப் போட்டுப் பிடிக்க, மற்றவர் வாலிலிருந்து சுருளை அவிழ்த்து முட்டைகளை எடுக்க வேண்டும். முட்டைகள் ஒட்டியிருந்தால் அப்படியே குவியலாக எடுங்கள், பிரிக்க வேண்டாம். மேல்பக்கம் எதுவோ அதில் பென்சிலால் குறி போட்டு, கடைசி வரை அதே பக்கம் மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டினால் கரு மூழ்கிப்போகும். இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தால் நல்ல முட்டையில் சிவப்பு நரம்பு வலை தெரியும். மஞ்சளாக, சுருங்கி, நரம்பில்லாமல் இருப்பவை கூமுட்டைகள்.

அடைப்பெட்டிக்குப் பழைய குளிர்ப்பெட்டி உடம்பும் நல்ல தெர்மோஸ்டாட்டும் போதும். உள்ளே மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அடியில் வெர்மிகுலைட்டும் (ஈரம் பிடிக்கும் கனிமத் துகள்) தண்ணீரும் எடைக்கு எடை சமமாகக் கலந்தது. கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. முட்டைகள் அதன்மேல் நேரடியாகப் படாமல் பிளாஸ்டிக் வலைத்தட்டில் அமர்ந்தால் பூஞ்சை குறைவு. வெப்பம் 31 முதல் 32 டிகிரி. அதைத் தாண்டினால் முதுகுத்தண்டு வளைந்த குட்டிகள் வரும், இன்னும் தாண்டினால் எதுவும் வராது. முட்டை விழும் முன்பே அடைப்பெட்டியை இரண்டு வாரம் வெறுமனே ஓடவிட்டு வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். முட்டை வந்த இரவில் கருவி வாங்க ஓடுபவர்கள் நிறையப் பேர். மலைப்பாம்பின் பாலினம் குரோமோசோமால் முடிவாகிறது; ஆமையைப் போல வெப்பத்தை மாற்றிப் பெண் குட்டி வரவழைக்க முடியாது.

வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றினால் போதும். முட்டையின்மேல் மூடியிலிருந்து நீர் சொட்டக்கூடாது. சுமார் 85 முதல் 90 நாள். கடைசி இரண்டு மூன்று வாரத்தில் முட்டைகள் குழிவிழுந்து வாடின மாதிரி தெரியும். அது இயல்பு, பயந்து தண்ணீர் தெளித்துக் கெடுக்க வேண்டாம்.

தாயை இதற்கிடையில் மறந்துவிடுவார்கள். முட்டை எடுத்த அன்றே கூண்டின் தரைப்பொருளை முழுதாக மாற்றி, தாயை வெதுவெதுப்பான நீரில் கழுவிவிடுங்கள். முட்டை வாசனை இருக்கும் வரை காவலிலேயே இருக்கும், இரையெடுக்காது. முதல் சில வாரம் சிறிய இரை, அடிக்கடி. அடுத்த வருடம் அதற்கு ஓய்வு.

குட்டிகள்

முதல் குட்டி ஓட்டைக் கீறி மூக்கை நீட்டியதும் மற்றவை ஒன்றிரண்டு நாளில் தொடரும். தலையை நீட்டிக்கொண்டு ஒரு நாளுக்கு மேல் உள்ளேயே இருக்கும். மஞ்சள்கருவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, இழுக்காதீர்கள். மற்றவை வந்து இரண்டு நாள் ஆகியும் கீறாத முட்டையை மட்டும் மேல்பக்கம் நுனிக் கத்தரியால் சிறிதாகத் திறந்து பார்க்கலாம்.

ஒவ்வொரு குட்டிக்கும் தனி டப்பா, ஈரக்காகிதத் துண்டு, சின்னத் தண்ணீர்க் கிண்ணம், மறைய ஒரு குவளை. ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டை உரித்த பிறகுதான் இரை. தீவுக் குட்டிகள் பெருநிலக் குட்டிகளைவிடச் சிறியவை, ஆகவே எலிக்குப் பதில் சுண்டெலிக்குஞ்சு தேவைப்படலாம். சில குட்டி செத்த இரையைத் தொடாது. இரவில் இடுக்கியில் ஆட்டிக் காட்டியும், கோழிக்குஞ்சின் வாசனையை இரைமேல் தடவியும் பார்க்கலாம். மறுத்தால் ஐந்து நாள் விட்டு மறுபடி. தினமும் தொந்தரவு செய்தால் மிரண்டு இன்னும் பிடிவாதமாகும். எல்லாம் கடிக்கும், இந்த வயதில் அது குணக்கேடு இல்லை.

மூன்று நான்கு முறை தொடர்ந்து உருகவைத்த இரையை எடுத்த பிறகே குட்டியைக் கை மாற்ற வேண்டும். கூடவே ஒரு அட்டை கொடுங்கள்: பொரிந்த தேதி, எடை, இரையெடுத்த தேதிகள், பெற்றோரின் வைரஸ் சோதனை முடிவு, தீவு வம்சம். சதவீதத்தையும் எழுதுங்கள், ஆனால் அதற்கு மேலே, பெரிய எழுத்தில், தாயும் தந்தையும் எந்த வயதில் எவ்வளவு நீளம் எவ்வளவு எடை இருந்தன, எத்தனை நாளுக்கு ஒருமுறை தின்றன என்பதை எழுதுங்கள்.